ஈரப்பதம் எண்பத்து நான்கு

காக்கி புக்கிட், ஆறாம் மாடி.
கீழே சாயக்கடைக் கிடங்கு,
மேலே மீன் உருண்டை செய்யும் கூடம்,
நடுவில் நாங்கள்.
முட்டை அட்டை ஒட்டிய சுவர், இரண்டு விசிறி,
ஓடாத ஏர்கான்.
ஏர்கான் பழுது பார்ப்பதுதான் என் பகல் வேலை.
சொன்னால் சிரிப்பார்கள்.

எஃப்ராயின் கப்பல் சரக்கு அளப்பவன்,
கயாவோ துறைமுகத்துப் பிள்ளை.
ஒரு வெள்ளிக்கிழமை எங்கிருந்தோ
வடிகால் மூடி ஒன்றைத் தூக்கி வந்தான்.
அதன் கம்பி வரிகளில் ஸ்க்ரூடிரைவரை இழுத்தான்.
சக்... சகசக், சக்... சகசக்.
இவ்வளவுதான் கும்பியா, மற்றதெல்லாம் அலங்காரம், என்றான்.
காலில் சங்கிலி கிடந்தவர்கள் ஆடிய ஆட்டமாம்,
அதனால்தான் ஒரு பாதம் தரையை விட்டு எழுவதில்லையாம்.
உண்மையோ கதையோ.
நான் என் வலது காலைக் குனிந்து பார்த்தேன்.
அது ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்தது.

முரசு ஹைருடினின் கணினிக்குள்ளிருந்து.
பதினாறு பச்சைப் பொட்டுகள், ஓடி ஓடி அணையும்.
அதன் அடியில் என் பேஸ் கிட்டார்.
முதல் வாரம் நிறைய வாசித்தேன்.
குறை, என்றான்.
குறைத்தேன்.
இன்னும்.
மூன்று சுரம் மிஞ்சியது, இரண்டாக்கினேன்.
இரண்டில் ஒன்றை வாசிக்கப் போய்
விரலை எடுத்துவிட்டேன்.
அப்போதுதான் கீழே கிடங்கில்
டின் மூடிகள் பேச ஆரம்பித்தன.

சின்ன வயதுப் பாட்டு வகுப்பில்
அரையிடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனையில் மட்டும்
நான் சரியாக வருவேன்.
மற்றதிலும் தள்ளியே வருவேன்.
அந்தப் பிசகுக்கு ரெக்கே என்று பெயர் இருப்பது
இருபது வருடம் கழித்துத் தெரிந்தது.

பதினோரு மணிக்குக் காவலாளி டோ வந்தார்,
ஒரு கையில் டார்ச், மறு கையில் புகார்க் கடிதம்.
சாயமெல்லாம் தானாகவே கலங்குதாம், என்றார்.
ஹைருடின் மைக்கை எடுத்துக்கொண்டு கீழே ஓடினான்.
நான்காம் பாட்டில் ஒரு சிலிர்ப்பு கேட்கும்,
அது எமல்ஷன் வெள்ளை, ஐந்து லிட்டர்.

டப் என்றால் என்ன, என் தங்கை கேட்டாள்.
ரயிலில் நான்கு மொழியில் சொல்கிறார்களே,
இடைவெளியைக் கவனியுங்கள் என்று,
அதுதான்.
அவளுக்குத் திருப்தியில்லை.

சுவரில் ஓர் ஈரமானி.
மழைக்கு முன்னும் பின்னும் எண்பத்து நான்கு.
அக்கார்டியனின் நாக்குகள் ஒட்டிக்கொள்ளும்,
எஃப்ராயின் ஸ்பானியத்தில் திட்டுவான்,
விசிறிக்கு முன்னால் அதைப் பிள்ளைபோல் பிடித்திருப்பான்.
ஆல்பத்துக்குப் பெயர் தேடி நாங்கள்
தனியாக உட்காரவில்லை.

பிப்ரவரியில் அவன் வேலை அனுமதி நீளவில்லை.
முப்பது நாள்.
பெட்டிக்குள் வைத்து அமுக்கும்போது
அக்கார்டியன் ஒரு மூச்சு விட்டது.
ஆறாம் பாட்டில் என்னை எடுத்துவிடு, என்றிருந்தான்.
எடுத்தேன்.
வாசிப்பை அணைக்கலாம்,
அது எழுப்பிவிட்ட எதிரொலிக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.
கூப்பிட்டவன் இல்லாத அறையில்
பதில் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது,
பதினொரு விநாடி.
பிறகு மழை.
மழை நாங்கள் சேர்த்ததல்ல,
அந்த ஜன்னல் சரியாக மூடாது.

நூறு இசைத்தட்டு. அறுபத்தொன்று விற்றது.
மிச்சம் பிடோக் வீட்டில், என் கட்டிலடியில்.
ஒன்றை மட்டும் ஜன்னலோரம் மறந்துவைத்தேன்,
ஏப்ரல் வெயிலில் நெளிந்துவிட்டது.
ஊசி ஏறி இறங்க
பாட்டு நங்கூரம் எடுத்த கப்பல்போல் ஆடியது.
எட்டு முறை கேட்டேன்.
நாங்கள் கலந்த கலவையில் இல்லாத ஏதோ
அதில் இருந்தது.

அதைத்தான் அவனுக்கு அனுப்பப் போனேன்.
அஞ்சலகத்தில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
உள்ளே என்ன, என்றாள்.
பாட்டு.
மதிப்பு?
இருபது வெள்ளி.
உடையுமா?

வளையும், என்றேன்,
அரையிடம் தள்ளி.